பி.கே.எம். ஒன்றா, இரண்டா?

தேனி மாவட்டத்தில், வராக நதிக்கரையை ஒட்டிய எங்கள் ஜெயமங்கலத்தில் "பி.கே.எம். 1" என்று சொன்னால் சிறு பிள்ளையும் "முருங்கை" என்று பதில் சொல்லும். பக்கத்திலுள்ள பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1980-களின் இறுதியில் தந்த செடி முருங்கை ரகம் அது. மர முருங்கையைப் போலப் போத்து நட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டாம். விதை போட்டால் ஆறு மாதத்திலேயே காய்க்கும். பிறகு அதே கல்லூரியிலிருந்து, இன்னும் நீண்ட காய் தரும் பி.கே.எம். 2 வந்தது. பெரியகுளம் என்ற ஊர்ப் பெயரின் சுருக்கமே பி.கே.எம்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கவலையோடு என்னிடம் வந்தார். "சார், புற்றுநோய்க் கட்டிகளில் பி.கே.எம். 2 அதிகமாக இருக்கிறதாம். படித்தேன். அப்படியானால் நாம் முருங்கைக்காய் சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. படித்ததை நம்பி விழுங்காமல் கேள்வி கேட்டாரே, அதுவே விஞ்ஞானத்தின் முதற்படி. முருங்கைக்காயைத் தாராளமாகச் சாப்பிடலாம். அவர் படித்த பி.கே.எம். 2 வேறு. அது நம் உடலின் செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி. பைருவேட் கைனேஸ் என்பது அதன் பெயர். கடைசி 'எம்' என்ற எழுத்து தசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. இந்த நொதிக்கும் ஒன்று, இரண்டு என இரு வடிவங்கள் உண்டு. உங்கள் மூளையின் நரம்புச் செல்களில் இருப்பது பி.கே.எம். 1. பெரும்பாலான புற்றுநோய்ச் செல்களில் மிகுந்திருப்பது பி.கே.எம். 2.

இதில் ஒரு வியப்பு உண்டு. முருங்கை ரகங்கள் இரண்டுக்கும் விதை வேறு வேறு. ஆனால் நொதியின் இரு வடிவங்களும் பிறப்பது ஒரே மரபணுவிலிருந்து! ஒரே விதையிலிருந்து இரண்டு ரகமா? அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முழு நகலும் திருத்திய நகலும்

செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. இருக்கிறது என்பதும், புரதங்களைச் செய்வதற்கான செய்தி அதில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் நீங்கள் பாடத்தில் படித்தவையே. டி.என்.ஏ. மூலப் பத்திரம் போன்றது. அது உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. தேவையான பகுதிக்கு மட்டும் நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. நகல் வெளியே சென்றதும், அதைப் படித்துப் புரதம் கட்டப்படுகிறது.

1977 வரை, மூலத்தில் உள்ளபடியே நகலும் இருக்கும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தனர். அந்த ஆண்டு அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டன. ஒன்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிலிப் ஷார்ப்பின் குழு. மற்றொன்று, கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருந்த குழு. அடினோ வைரசின் ஆர்.என்.ஏ. நகலை அதன் டி.என்.ஏ. மூலத்தோடு ஒட்டவைத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நகல் மூலத்தோடு முழு நீளத்துக்கும் பொருந்தியிருக்க வேண்டும் அல்லவா? பொருந்தவில்லை! ஆங்காங்கே டி.என்.ஏ. வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டு நின்றது. அந்த வளையங்களில் இருந்த செய்தி நகலில் இல்லை. யாரோ நகலை இடையிடையே வெட்டி, மீதியை ஒட்டியிருக்கிறார்கள்! இந்தக் கண்டுபிடிப்புக்காக ஷார்ப், ராபர்ட்ஸ் இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெட்டி எறியப்படும் துண்டுக்கு 'இன்ட்ரான்' என்றும், ஒட்டி வைத்துக்கொள்ளப்படும் துண்டுக்கு 'எக்ஸான்' என்றும் 1978-இல் பெயர் சூட்டியவர் வால்ட்டர் கில்பர்ட். அவர் முதலில் இயற்பியலாளர். அப்துஸ் சலாமிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றவர். பிறகே உயிரியலுக்கு வந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நான் ஆர்.என்.ஏ.வைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு அவரே எனக்குத் துணை!

இந்த வெட்டி ஒட்டும் வேலைக்கு 'ஸ்பிளைசிங்' என்று பெயர். இதைச் செய்வது ஸ்பிளைசியோசோம் என்ற நுண்ணிய எந்திரம். ஐந்து சிறு ஆர்.என்.ஏ.க்களும், நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களும் சேர்ந்து அமைந்தது அது. எங்கே வெட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஏறக்குறைய எல்லா இன்ட்ரான்களும் 'ஜி, யு' என்ற இரு எழுத்துகளில் தொடங்கி, 'ஏ, ஜி' என்ற இரு எழுத்துகளில் முடிகின்றன. அவையும் அவற்றை அடுத்துள்ள எழுத்துகளும்தான் அடையாளக் கற்கள்.

இன்ட்ரான்தானே, வெட்டி எறிவதுதானே, அதில் பிழை இருந்தால் என்ன என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் பீட்டா தலசீமியா என்ற இரத்தசோகை நோய்க்கு மிகப் பரவலான காரணம், ஹீமோகுளோபின் மரபணு ஒன்றின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்து 'ஜி'க்குப் பதில் 'சி' என்று மாறியிருப்பதுதான். அடையாளக் கல் சற்றே நகர்ந்தாலும் எந்திரம் தடுமாறுகிறது. குழந்தை மாதந்தோறும் பிறர் இரத்தத்தை எதிர்பார்த்து வாழ நேர்கிறது.

ஒரே மரபணு, பல புரதங்கள்

இப்போது ஒரு காகித நாடாவில் கீழ்க்கண்டவாறு எழுதிக்கொள்ளுங்கள்:

நாளை கசடத மழை யரலவ வரும் ஙஞணந வராது பமயர என்றார்

பொருளற்ற எழுத்துக் கூட்டங்கள் இன்ட்ரான்கள். பொருளுள்ள சொற்கள் எக்ஸான்கள். கத்தரிக்கோலால் பொருளற்றவற்றை வெட்டிவிட்டு மீதியை ஒட்டுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: 'வரும்', 'வராது' இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். 'வரும்' என்பதை வைத்துக்கொண்டால் "நாளை மழை வரும் என்றார்" என்று ஆகிறது. 'வராது' என்பதை வைத்துக்கொண்டால் பொருள் தலைகீழ்! நாடா ஒன்றுதான், வெட்டியதுதான் வேறு.

பி.கே.எம். மரபணுவிலும் இதுவே நடக்கிறது. அதன் ஒன்பதாம் எக்ஸானும் பத்தாம் எக்ஸானும் 'வரும்', 'வராது' போன்றவை. ஒன்பதை வைத்துப் பத்தை எறிந்தால் பி.கே.எம். 1. பத்தை வைத்து ஒன்பதை எறிந்தால் பி.கே.எம். 2. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் இரு வடிவங்களுக்கும் இடையே 22 மட்டுமே வேறுபடுகின்றன.

மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. மண்ணில் நெளியும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப் புழுவுக்கும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான்! நமக்கும் புழுவுக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை என்றால் வேறு எதில்? ஒரு பகுதி விடை வெட்டி ஒட்டுவதில் இருக்கிறது. பல எக்ஸான்கள் கொண்ட நம் மரபணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஒன்றுக்கு மேற்பட்ட விதங்களில் வெட்டப்படுகின்றன என்று 2008-இல் தெரிய வந்தது.

இதில் சாதனை படைத்திருப்பது பழ ஈ. அதன் நரம்புச் செல்களுக்கு அடையாளம் தரும் 'டிஸ்காம்' என்ற மரபணுவில் நான்கு இடங்களில் எக்ஸானைத் தேர்ந்தெடுக்கலாம். முதலிடத்தில் 12-இல் ஒன்று, அடுத்து 48-இல் ஒன்று, அடுத்து 33-இல் ஒன்று, கடைசியில் 2-இல் ஒன்று. பெருக்கிப் பாருங்கள்: 12 × 48 × 33 × 2 = 38,016. ஒரே மரபணுவிலிருந்து முப்பத்தெட்டாயிரம் புரதங்கள்! ஈயின் மொத்த மரபணுக்களே இந்த எண்ணிக்கையில் பாதியைத் தாண்டாது. ஒரு நரம்புச் செல்லின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டால், "இது நானேதான்" என்று அறிந்து விலகிக்கொள்ள இந்த அடையாளம் உதவுகிறது.

மடையை அடைப்பது யார்?

எந்தச் செல்லில் எதை வெட்ட வேண்டும் என்று முடிவு செய்வது யார்? எங்கள் ஊர் வயல்களை எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்காலில் வரும் தண்ணீர் ஒன்றுதான். எந்த மடை திறந்திருக்கிறது, எந்த மடை அடைபட்டிருக்கிறது என்பதே எந்த வயல் நனையும் என்பதை முடிவு செய்கிறது. செல்லிலும் மடை அடைப்பவர்கள் உண்டு. ஆர்.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும் புரதங்கள் அவை. ஓர் எக்ஸானுக்குப் பக்கத்தில் அவை உட்கார்ந்துவிட்டால், ஸ்பிளைசியோசோம் எந்திரம் அந்த எக்ஸானைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடும். மடை திறப்பதைப் போல, எந்திரத்தை அழைத்துக் காட்டும் புரதங்களும் உண்டு.

மடை அடைப்பவர்களில் இருவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயர் பி.டி.பி. மற்றவருடைய முழுப் பெயர் நீளமானது. கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'ஏ1' என்று அழைப்போம். பி.கே.எம். நகலில் ஒன்பதாம் எக்ஸானின் இரு பக்கமும் இவர்களும் இவர்களுடைய கூட்டாளிகளும் உட்கார்ந்தால், ஒன்பது மறைந்து பத்து நிற்கும். அதாவது பி.கே.எம். 2 உண்டாகும். இவர்கள் குறைந்தால் பி.கே.எம். 1.

நரம்புச் செல் பிறக்கும்போது

கருவில் வளரும் மூளையில் முதலில் இருப்பவை பிரிந்து பெருகும் தாய்ச் செல்கள். அவற்றில் பி.டி.பி. நிறைய இருக்கும். நரம்புச் செல்களுக்கே உரிய பல எக்ஸான்களை அது அடைத்து வைத்திருக்கும். ஒரு செல் நரம்புச் செல்லாக மாறத் தொடங்கும்போது, மைக்ரோ ஆர்.என்.ஏ.-124 என்ற மிகச் சிறிய ஆர்.என்.ஏ. அதில் தோன்றி, பி.டி.பி. உண்டாவதைத் தடுத்துவிடுகிறது. காவல் நீங்கியதும் அதுவரை மூடியிருந்த மடைகள் வரிசையாகத் திறக்கின்றன. 2007-இல் வெளியான ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில் பி.எஸ்.டி.-95 என்ற புரதம் தூண் போல நிற்கிறது. நினைவாற்றலுக்கும் கற்றலுக்கும் அது தேவை. அதற்கான ஆர்.என்.ஏ. நகல் நரம்புச் செல் அல்லாத செல்களிலும் எடுக்கப்படுகிறது! ஆனால் அங்கே பதினெட்டாம் எக்ஸான் வெட்டி எறியப்படுகிறது. அதனால் வாசகம் குழம்பிப்போய், அந்த நகலைச் செல்லே அழித்துவிடுகிறது. பி.டி.பி.யும் அதன் தம்பி எனத்தக்க இன்னொரு புரதமும் விலகிய நரம்புச் செல்லில் மட்டுமே பதினெட்டாம் எக்ஸான் நிலைத்து நின்று தூண் எழும்புகிறது.

நரம்புச் செல்லில் மூன்றே எழுத்து நீளமுள்ள நுண் எக்ஸான்களும் உண்டு. மூன்று எழுத்து என்றால் ஒரே ஓர் அமினோ அமிலம். அவ்வளவு சிறிய துண்டையும் தவறவிடாமல் சேர்த்துக்கொள்ள நரம்புச் செல்லில் தனிப் புரதம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள சிலருடைய மூளைத் திசுக்களில் இந்த நுண் எக்ஸான்கள் குறைவாகச் சேர்க்கப்பட்டிருந்ததை 2014-இல் கண்டார்கள்.

பி.டி.பி.யைக் குறைத்தால் நரம்புச் செல் உண்டாகுமானால், மூளையின் துணைச் செல்களில் அதைக் குறைத்து, புதிய நரம்புச் செல்களை உண்டாக்கலாமே? 2020-இல் எலிகளில் அப்படி நடந்ததாகப் பரபரப்பான செய்தி வந்தது. ஆனால் 2021-இலும் அதன் பிறகும் வேறு ஆய்வாளர்கள், எந்தச் செல் எதிலிருந்து வந்தது என்று கவனமாகத் தடம் பிடித்துப் பார்த்தபோது, 'புதியவை' எனப்பட்டவை ஏற்கெனவே இருந்த நரம்புச் செல்களே என்று தெரிந்தது. ஒருவர் கண்டதை மற்றவர் சோதித்துப் பார்த்த பின்னரே விஞ்ஞானம் ஏற்கும். அச்சில் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் எதையும் நம்பிவிட வேண்டாம்.

புற்றுச் செல்லின் தந்திரம்

நரம்புச் செல் ஒரு முறை உருவானால் பிறகு பிரிவதில்லை. புற்றுச் செல்லோ ஓயாமல் பிரிவது. இரண்டும் இரு துருவங்கள். ஆனால் இரண்டின் கதையிலும் அதே மடை அடைப்பவர்களே வருகிறார்கள்!

1920-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் ஒரு புதிரைக் கண்டார். சாதாரணச் செல்கள் ஆக்சிஜன் கிடைத்தால் குளுக்கோசை முழுமையாக எரித்துவிடும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். புற்றுச் செல்களோ, ஆக்சிஜன் இருந்தும்கூட, குளுக்கோசைப் பாதியிலேயே விட்டு லாக்டிக் அமிலமாக்குகின்றன. அதில் கிடைப்பது 2 ஏ.டி.பி. மட்டுமே. ஏன் இந்த ஊதாரித்தனம்?

ஊதாரித்தனம் போலத் தோன்றுவது உண்மையில் தந்திரம். வேகமாகப் பிரியும் செல்லுக்கு எரிபொருள் மட்டும் போதாது. புதுச் செல்லைக் கட்ட மூலப்பொருளும் வேண்டும். குளுக்கோஸ் உடையும் பாதையின் கடைசிப் படியில் நிற்பது நம்முடைய பைருவேட் கைனேஸ். பி.கே.எம். 1 எப்போதும் சுறுசுறுப்பானது. வந்ததை உடனே தள்ளிவிடும். பி.கே.எம். 2 வேண்டியபோது மெதுவாக வேலை செய்யும். கடைசிப் படியில் நெரிசல் ஏற்படவே, மேலே தேங்கியவை பக்க வாய்க்கால்களில் திரும்பி, புதுச் செல் கட்டும் வேலைக்குப் போகின்றன.

இந்தப் பழக்கமே மருத்துவருக்குப் புற்றைக் காட்டிக் கொடுக்கவும் செய்கிறது. கதிரியக்க புளோரின்-18 சேர்த்த குளுக்கோசை உடலில் செலுத்தினால், குளுக்கோசுக்கு ஏங்கும் கட்டி அதை அதிகமாக உறிஞ்சுகிறது. அங்கே வெளிப்படும் பாசிட்ரான், எலெக்ட்ரானைச் சந்தித்து அழிகிறது. எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். அவற்றைப் பிடித்துக் கட்டி இருக்கும் இடத்தைக் காட்டுவதுதான் 'பெட்' ஸ்கேன். நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதும் ஐன்ஸ்டைனின் சமன்பாடு மருத்துவமனையில் வேலை செய்வது இப்படித்தான்.

சரி, புற்றுச் செல்லில் பி.கே.எம். 2 மிகுவது ஏன்? நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மான்லியின் குழு 2010-இல் விடை கண்டது. பல புற்றுநோய்களில் அளவு மீறும் 'மிக்' என்ற புரதம், பி.டி.பி., ஏ1 முதலியவற்றின் உற்பத்தியை உயர்த்துகிறது. அவை போய் ஒன்பதாம் எக்ஸானை அடைக்கின்றன. பத்து நிற்கிறது!

போபாலில் ஓர் ஆய்வு

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. போபாலில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் சஞ்சீவ் சுக்லாவின் குழு, மார்பகப் புற்றுநோயில் பி.கே.எம். வெட்டப்படும் விதத்தை ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டது. மற்றவர்கள் ஆர்.என்.ஏ. நகலைப் பார்த்தார்கள் என்றால், இவர்கள் மூலப் பத்திரமாகிய டி.என்.ஏ.வையும் பார்த்தார்கள். புற்றுச் செல்களில் பத்தாம் எக்ஸானுக்குரிய டி.என்.ஏ.வின் மேல் மீதைல் என்ற சிறு வேதிக் குறிகள் ஒட்டியிருந்தன. எழுத்து மாறவில்லை, எழுத்தின் மேல் பொட்டு வைத்தது போல. அந்தப் பொட்டைப் பார்த்து 'போரிஸ்' என்ற புரதம் அங்கே வந்து அமர்கிறது. வழக்கமாக விந்தகத்தில் மட்டும் காணப்படும் இது, புற்றுநோயில் வேண்டாத இடத்தில் தலைகாட்டுகிறது. இது அமர்ந்த இடத்தில் பத்தாம் எக்ஸான் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மீதைல் குறிகளை நீக்கியபோதும், போரிசைக் குறைத்தபோதும், செல்கள் பி.கே.எம். 1 பக்கம் திரும்பின. அவற்றின் வளர்ச்சியும் குன்றியது.

அப்படியானால் பி.கே.எம். 2-தான் புற்றுநோய்க்குக் காரணமா? இல்லை. அந்த மரபணுத் துண்டை நீக்கிய எலிகளிலும் கட்டி வளர முடியும் என்று 2013-இல் காட்டப்பட்டது. பி.கே.எம். 2 புற்றுச் செல்லுக்குக் கிடைத்த கருவிகளில் ஒன்று. குற்றவாளி அதுவே என்று சொல்ல முடியாது. சில இரத்தப் புற்றுநோய் வகைகளில் வெட்டும் எந்திரத்தின் உறுப்பான எஸ்.எஃப்.3பி.1 என்ற புரதமே பழுதாகியிருக்கிறது என்று 2011-இல் கண்டறிந்தார்கள். அதைக் குறிவைத்த மருந்துகள் முதற்கட்டச் சோதனையில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. புற்றுநோயில் வெட்டைத் திருத்தும் முயற்சி இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் நிற்கிறது.

ஓர் எழுத்து மாறினால்...

ஆனால் நரம்பு நோய் ஒன்றில் அந்த முயற்சி வென்றிருக்கிறது. முதுகுத் தண்டிலிருந்து தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக மடிந்துபோகும் நோய் அது. முதுகுத்தண்டுத் தசைநலிவு எனலாம், மருத்துவர்கள் எஸ்.எம்.ஏ. என்பார்கள். கடுமையான வகையில், குழந்தை தலை நிற்பதற்கே சிரமப்படும். பிறகு விழுங்கவும் மூச்சு விடவும் தசைக்கு வலு இராது. மருந்து இல்லாத காலத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளில் பலர் இரண்டு வயதைத் தாண்டவில்லை.

எஸ்.எம்.என்.1 என்ற மரபணு இரு பிரதிகளிலும் கெட்டுவிடுவதே காரணம் என்று 1995-இல் அறிந்தனர். அதே குரோமோசோமில் அதன் இரட்டை போல எஸ்.எம்.என்.2 என்ற மரபணுவும் இருக்கிறது. இரட்டை இருந்தும் ஏன் உதவவில்லை? ஏழாம் எக்ஸானில் ஓர் எழுத்து மட்டும் 'சி'க்குப் பதில் 'டி'. அந்த ஓர் எழுத்து மாற்றத்தால் எந்திரம் ஏழாம் எக்ஸானைப் பெரும்பாலும் தாண்டிப் போகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுக்கே நல்ல புரதம் உண்டாகிறது.

அப்படியானால் கெட்ட மரபணுவை மாற்ற வேண்டாம். இருக்கிற இரட்டையைச் சரியாக வெட்டச் செய்தால் போதுமே! 2006-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ரவீந்திர சிங்கின் குழு, ஏழாம் எக்ஸானை அடுத்த இன்ட்ரானில் 15 எழுத்து நீளமுள்ள ஓர் இடத்தைக் கண்டது. அந்த இடம் மறைக்கப்பட்டால் ஏழாம் எக்ஸான் சேர்ந்துவிடுகிறது. அங்கே உட்கார்ந்து மடையை அடைப்பவர் யார் தெரியுமா? நமக்குப் பழக்கமான ஏ1-தான்!

கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஏட்ரியன் கிரெய்னரின் குழு மருந்து நிறுவனத்தாருடன் சேர்ந்து, அந்த இடத்தில் பொருந்தி மூடிக்கொள்ளும் 18 எழுத்து நீளச் செயற்கைத் துண்டு ஒன்றை உருவாக்கியது. துண்டு இருக்கையைப் பிடித்துக்கொள்வதால் ஏ1 உட்கார இடமில்லை, மடை திறந்துவிடுகிறது. நுசினெர்சன் என்ற இந்த மருந்தை முதுகுத் தண்டின் நீரில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. 1977-இல் நுண்ணோக்கியில் கண்ட வளையத்திலிருந்து இந்த ஊசிக்கு வர 39 ஆண்டுகள் ஆயின. ஷார்ப்பும் ராபர்ட்சும் எந்த நோய்க்கும் மருந்து தேடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விலையும் ஒரு பிரச்சினையே

அடுத்து, இதே வேலையை வேறு வழியில் செய்யும் ரிஸ்டிபிளாம் என்ற குடிக்கும் மருந்து 2020-இல் அமெரிக்காவிலும், 2021-இல் இந்தியாவிலும் ஒப்புதல் பெற்றது. ஆனால் விலை? 60 மில்லிகிராம் கொண்ட ஒரு புட்டி இந்தியாவில் சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு நாளுக்கு 5 மில்லிகிராம் வேண்டும். ஒரு புட்டி 12 நாளுக்குத்தான் வரும். மாதத்துக்கு இரண்டரைப் புட்டி, அந்த விலையில் 15 லட்சம் ரூபாய். வாழ்நாள் முழுவதும்!

ஹைதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் இதே மருந்தைச் செய்ய முன்வந்தபோது காப்புரிமை வழக்கு எழுந்தது. 2025 அக்டோபரில் டில்லி உயர் நீதிமன்றத்தின் அமர்வும், அதையடுத்து உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தன. புட்டி 15,900 ரூபாய் என்ற விலையில் மருந்து வெளிவந்தது. அதே கணக்கில் மாதத்துக்கு 39,750 ரூபாய். முன்னைய விலையில் ஏறக்குறைய முப்பத்தெட்டில் ஒரு பங்குதான். ஆனாலும் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு தாய் தகப்பனுக்கு இது எட்டாத தொகையே. விஞ்ஞானம் கண்டுபிடித்துத் தருகிறது. அதை எல்லார் கைக்கும் கொண்டு சேர்ப்பது சமுதாயத்தின் வேலை.

இங்கே ஒரு சிறு கணக்கு. எஸ்.எம்.என்.1 மரபணுவின் ஒரு பிரதி மட்டும் கெட்டிருப்பவர் நலமாகவே இருப்பார். அவருக்கே அது தெரியாது. ஏறக்குறைய 50 பேருக்கு ஒருவர் அப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 500 மாணவர் படிக்கும் பள்ளியில் சராசரியாகப் பத்துப் பேர்! அப்படிப்பட்ட இருவர் மணந்துகொள்ளும் வாய்ப்பு 1/50 × 1/50. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 1/4. பெருக்கினால் பத்தாயிரத்தில் ஒன்று. உண்மையில் காணப்படும் அளவும் ஏறத்தாழ இதுவே. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் கணிசமாக உள்ளது. ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளிடம் ஒரே கெட்ட பிரதி இருக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் அந்நியத்தில் மணந்தவர்களின் குழந்தைக்கும் இந்த நோய் வருகிறது. எனவே, பாதிக்கப்பட்ட குழந்தையின் தாயை நோக்கி எவரேனும் "இவள் ராசி" என்றோ "முன்வினை" என்றோ சொன்னால், அது வெறும் ஓர் எழுத்துக் கணக்கு என்று எடுத்துச் சொல்ல இனி உங்களால் முடியும். இரத்தப் பரிசோதனையால் இதை அறியலாம் என்பதையும் சொல்லுங்கள். தலை நிற்கத் தாமதமாகும் குழந்தையைக் கண்டால், நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நரம்புச் செல் மடிந்த பின் எந்த மருந்தும் அதை எழுப்பாது. முன்கூட்டிக் கொடுத்தால்தான் முழுப் பலன்.

ஊர் திரும்பும் முன் அந்த மாணவரைப் பார்த்து, மேலே சொன்ன காகித நாடாவை அவர் கையாலேயே வெட்டி ஒட்டச் செய்தேன். "நாளை மழை வராது என்றார்" என்று வந்தது. சற்று யோசித்துவிட்டு, "அப்போ சார், நாடாவில் என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பார்த்தா போதாது. யார் கத்தரிக்கிறாங்கன்னும் பார்க்கணும், இல்லையா?" என்றார்.

ஆம், நண்பர்களே. இந்தக் கட்டுரை முழுவதையும் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நீங்களும் ஒரு நாடாவை எடுத்து வெட்டிப் பாருங்கள். மூன்று இடங்களில் தேர்வு வைத்தால் எத்தனை வாக்கியம் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். அன்று மதியம் வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார் என்றால், தயங்காமல் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்!